அலுமாரிக்கு மேல் இருந்த கொப்பி

என் தம்பி பெண்சாதி முனவ்வறாவுக்குக் கொப்பி கட்டுகிற பைத்தியம். பள்ளிக்கூடத்துக் கொப்பி இல்லை. மருதமுனையில் எங்கள் வளவுகளில் தறி இருக்கிறபடியால், வெட்டி விழுகிற சாரன் துணித் துண்டுகளுக்குக் குறைவில்லை. நாங்கள் அதில் சூட்டுச் சட்டி பிடிப்போம். அவள் அதை எடுத்து, பாவுக்குப் போடுகிற கஞ்சியையே பசையாகத் தடவி, மட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்டுவாள். உள்ளுக்குக் கோடு போடாத வெள்ளைத் தாள். முதுகைத் தறி நூலால் தைப்பாள். அடையாளம் வைக்கச் சிவப்பு நாடா ஒன்று தொங்கும். வருசத்துக்கு ஒரு கொப்பி. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வேலை எனக்குப் பிடிக்காது.

"இத எழுதி அடுப்பில வச்சா சோறு வேகுமா புள்ள?" என்று கேட்பேன்.

"சோறு வேகாது மதினி. என்ட வயிறு வேகுறது கொஞ்சம் அடங்கும்" என்பாள்.

அவளுக்கு வாசிக்கவும் ஆசை. சீனி சுற்றி வந்த பேப்பரைக்கூட நிமிர்த்தி, மடிப்பை நீவி, முழுக்க வாசித்துவிட்டுத்தான் குப்பையில் போடுவாள். பிடித்த வரி இருந்தால் கொப்பியில் ஏறும். அதற்குப் பக்கத்தில் அவள் மனசில் உள்ளதும் ஏறும். யார் என்ன சொன்னார்கள், யாருடைய கறியில் உப்புக் கூட, யாரை நினைத்து அழுகை வந்தது, எல்லாம்.

மூன்றாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள் அவளை. அதனால் தமிழ் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஓதப்பள்ளிக்குப் போய்ப் படித்த அரபு எழுத்தோ அச்சுத் தோற்றுவிடும். ஆகையால் அவள் எழுதுவது அரபுத்தமிழ். பேச்சு தமிழ், எழுத்து அரபு. முந்தி எங்கள் பெண்கள் கடிதம் போட்டதும் அப்படித்தான். இப்போது அதை வாசிக்கக்கூடியவர்கள் ஊரில் நாலைந்து வயசாளிகள் இருந்தால் பெரிசு. எனக்கு ஓதத் தெரியும்; தமிழ்ச் சத்தங்களுக்கென்று கூட்டிய புள்ளிகள் பிடிபடாது. என் தம்பி அபூசாலிக்கும் அதே கதைதான். அவள் துணிந்து எழுதினதுக்குக் காரணமே அதுதான்.

தொண்ணூறாம் ஆண்டுக் கடைசியில் ஒருநாள் அபூசாலி தறியால் எழும்பி வந்தபோது, கொப்பி பாயில் திறந்தபடி கிடந்ததாம். பார்த்தவன் பதறிவிட்டான்.

"அல்லாவே! ஓதுற எழுத்தக் கீழ போட்டிரிக்கியே, ஒனக்கு மூள இரிக்கா?"

இரண்டு கையாலும் எடுத்து, முத்தி, கண்ணில் ஒற்றி, பச்சைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டான். எங்கள் வீடுகளில் அரபு எழுத்து எதில் இருந்தாலும் அது கிதாபுதான், மார்க்கப் புத்தகம்தான். கிதாபு என்றால் உயரத்தில்தான் இருக்கும். 'அது கிதாபு இல்ல, நான் எழுதினது' என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம் முனவ்வறா. வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால், 'என்ன எழுதின, வாசி பாப்பம்' என்பான்.

அதற்குள் என்ன இருந்தது என்று நான் அறிந்தது பிறகு. நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவள் பட்ட பயம் விளங்காது.

தொண்ணூறாம் ஆண்டு அபூசாலி சாரன் கட்டோடு கொழும்புக்குப் போன கிழமை சண்டை மூண்டு பாதை மூடிவிட்டது. அரசாங்கத்துத் துவக்குக்காரர்கள் பக்கத்து ஊர்களில் தமிழ் ஆம்பிளைகளைத் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டு போன நாட்கள். பாண்டிருப்புத் தமிழர் நல்லரெத்தினம் எங்கள் நூலுக்குச் சாயம் போட்டுத் தருகிறவர். அவர் பெண்சாதி செல்லத்தங்கம் எங்கள் அடுக்களை வரைக்கும் வந்து கதைத்துவிட்டுப் போகிறவள். அந்த மனிதர் வேலி வேலியாகப் பாய்ந்து முனவ்வறாவின் தறிக் கொட்டிலுக்குள் வந்து விழுந்தார். வீட்டில் ஆம்பிளை இல்லை. மகள் அஸ்னாவுக்கு ஆறு வயசு. பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து விட்டாள். "எனக்குக் காய்ச்சல் மதினி, புள்ளைக்குத் தொத்திரும்" என்றாள். நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்து அனுப்பினேன். காய்ச்சலாம்!

எங்கள் தறி குழித்தறி. நெய்கிறவர் குழியின் விளிம்பில் குந்தி, காலைக் குழிக்குள் விட்டு மிதிக்க வேண்டும். அந்தக் குழிக்குள் மூன்று நாள் நல்லரெத்தினத்தை வைத்திருந்தாள். இரண்டாம் நாள் தேடுகிறவர்கள் வந்தார்கள். இவள் முக்காட்டை இழுத்துவிட்டுத் தறியில் குந்தி நெய்தாள். மேலே பாவு நூல் விரிந்து கிடந்தது. வந்தவர்கள் அறாத நூலைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள். கால் அந்த மனிதரின் முதுகில் பட்டது. அதையும் எழுதியிருந்தாள், மடச்சி. 'என் கால் அவர் முதுகில் பட்டது. அவர் நடுங்கியது என் கால் வழியாக எனக்குள் ஏறியது' என்று.

மூன்றாம் நாள் பின்னேரம் மீன் கூடை ஏற்றிய வண்டியில் அவரை ஏற்றி விட்டாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு நாற்பது நாள் போகவில்லை. எங்கள் கடைசித் தம்பி மீராசா மாவடிப்பள்ளி வயலுக்குத் தண்ணி பார்க்கப் போனான், உயிரோடு வரவில்லை, மையத்தாகத்தான் வந்தான். அதைச் செய்தது மற்றப் பக்கத்துத் தமிழ்த் துவக்குக்காரர்கள். அன்றைக்கு அபூசாலி வாசலில் நின்று சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது: "இனி தமிழனுட நிழலும் என்ட வளவுக்குள்ள விழப்படாது. விழுத்தினவங்க என்ட மனிசர் இல்ல."

நிழலை விழுத்தியவள் அவனுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள்.

மூன்று வருசம் அப்படியே போனது. அலுமாரிப் பக்கம் அவன் கை நீளும்போதெல்லாம் அவள் ஏதாவது வேலை சொல்லி அவனைத் திருப்பிவிடுவாள். எடுத்து ஒளித்தால் 'கிதாபு எங்க' என்று கேட்பான். கிழித்தெறியவும் முடியாது. ஒவ்வொரு பக்கமும் அல்லாவின் பெயரோடு பிஸ்மில்லா போட்டு எழுதிய தாள். அதை எரிக்கலாமா, எங்கே போடலாம் என்று கேட்கவும் ஆளில்லை.

தொண்ணூற்று மூன்றில், நபிகள் நாயகத்தின் புகழை மௌலூதாக ஓதுகிற மாதம். சரீபா வீட்டில் பெண்களுக்கு ஓதல். சரீபா, கல்முனையில் புடவைக் கடை வைத்திருக்கிறவரின் மனைவி; நாற்பது பேருக்குச் சொல்லி, வட்டிலப்பமும் அவித்துவிட்டாள். லுஹர் தொழுகைக்குப் பிறகு பெட்டியைத் திறந்தால் ஓதுகிற அரபுத்தமிழ்க் கிதாபைக் கறையான் தின்றிருக்கிறது.

"அபூசாலி காக்கா ஊட்ட ஒண்டு இரிக்குமே, அலுமாரிக்கு மேல. நான் கண்டிரிக்கன். ஓடிப் போய் எடுத்துக்கிட்டு வாங்க ராத்தா" என்றாள் என்னிடம்.

நானும் கை கால் கழுவி ஒழு எடுத்துக்கொண்டு போனேன். முனவ்வறா கல்முனை ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போயிருந்தாள். அஸ்னா கதிரை போட்டுத் தந்தாள். பச்சைத் துணியோடு நெஞ்சில் அணைத்துக் கொண்டுவந்து, ஓதுகிற மாமியின் முன்னால் பலகையில் வைத்துவிட்டேன். நல்ல காரியம் செய்த நினைப்பில் நடுவில் குந்திக்கொண்டேன்.

ஓதுகிற மாமிக்குப் பெயர் சித்தி லைலா. ஊரில் எந்த வீட்டு ஓதல் என்றாலும் அவதான். அரபுத்தமிழ் வாசிக்கிற நாலைந்து பேரில் முதல் ஆளும் அவதான்.

முதலில் எல்லோரும் சேர்ந்து நபிகள் பேரில் ஸலவாத்துச் சொன்னோம். அது பாதியில் இருக்கும்போது வாசலில் முனவ்வறா நின்றாள். அஸ்னா சொல்லி ஓடி வந்திருக்கிறாள். ஒரு காலில் செருப்பு இல்லை. முகம் வேகாத இடியப்பம் மாதிரி வெளுத்திருந்தது. பெண்களின் மடிகளை மிதித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் விழுந்தாள்.

"மதினி, அத எடுங்க."

"எத?"

"அது கிதாபு இல்ல. என்ட கொப்பி."

"கொப்பிய ஏன் கா துணியில சுத்தி மேல வச்சிரிக்க?"

"நான் வைக்கல்ல, ஒங்கட தம்பி வச்சாரு. எடுங்க மதினி, ஒங்கள அல்லாவுக்காகக் கேக்கன்."

"என்ன எழுதித் துலைச்ச? சரீபாட வட்டிலப்பத்தப் பத்தியா?"

"அதுவும் இரிக்கி."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை மீன் பெட்டி ஐஸ் மாதிரி இருந்தது. காதுக்குள் நாலு வசனத்தில் சொல்லி முடித்தாள்: நல்லரெத்தினம், குழி, மூன்று நாள், முதுகு.

எனக்குச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. மீராசாவைக் குளிப்பாட்ட நான்தான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். அந்த வாளியின் பாரம் கைக்கு வந்தது. எழும்பி, இந்த நாற்பது பேருக்கும் நடுவில் இவளைப் பிடித்து உலுக்கினால் என்ன என்று நினைத்தேன். மறைக்க மாட்டேன், நினைத்தேன்தான். அவளும் அதைக் கண்டுகொண்டாள். மாமியைப் பார்த்துப் பயந்த கண் என் பக்கம் திரும்பியது.

"சொல்லிப்போடாதீங்க" என்றாள்.

அதற்குள் ஸலவாத்து முடிந்துவிட்டது. சித்தி லைலா பச்சைத் துணியை அவிழ்த்தா.

"மாஷா அல்லா, நல்ல வடிவான கட்டு" என்று மட்டையைத் தடவினா. "எந்த ஊரு அச்சு இது?"

"இந்தியாவாக்கும்" என்றாள் சரீபா, எல்லாம் தெரிந்தவள் மாதிரி.

சிவப்பு நாடா கிடந்த இடத்தில் கொப்பி தானாகத் திறந்துகொண்டது. முனவ்வறா அடிக்கடி போய்ப் பார்க்கிற பக்கம். அவள் நகம் என் தோலுக்குள் இறங்கியது.

மாமி பிஸ்மில்லா சொல்லி, கிதாபு ஓதுகிற ராகத்திலேயே எடுத்தா.

"ஆளில்லாத வீட்டுக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்க நின்றார்…"

அடுத்த வரியில் குரல் ஓர் இடத்தில் தடக்கியது. கண் மட்டும் பக்கத்தின் அடி வரைக்கும் ஓடி, மேலே வந்தது. அவவுக்கு விளங்கிவிட்டது. எனக்கும் தெரிந்தது, முனவ்வறாவுக்கும் தெரிந்தது. மற்றவர்கள் முக்காட்டைச் சரி செய்துகொண்டு காத்திருந்தார்கள். ஓதுகிறவ கிதாபைத் திறந்துவிட்டு நிறுத்தினால் ஏன் என்று நாற்பது வாய் கேட்கும்.

மாமி இருமினா. தண்ணீர் கேட்டா. ஒரு மிடறு குடித்துவிட்டுத் திரும்பவும் அதே ராகத்தில் தொடங்கினா.

"துவக்கோடு தேடினார்கள்" என்று கொப்பியில் இருந்ததாம். மாமி "தேடினார்கள்" என்று மட்டும் சொன்னா. பெயர் வந்த இடமெல்லாம் "அந்த மனிதர்" ஆனது. முதுகில் கால் பட்ட வரி வரவே இல்லை. மற்றதெல்லாம் வந்தது. பள்ளம் வந்தது. மூன்று நாள் வந்தது.

"மேலே நூல் விரிந்து கிடந்தது. தேடி வந்தவர்கள் நூலைப் பார்த்தார்கள். நூல் அறவில்லை. திரும்பிப் போனார்கள். அல்லா மறைத்தான்."

முன் வரிசையில் ஒருத்தி விம்மினாள். பிறகு இன்னொருத்தி. எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் விளங்கியது. நபிகள் நாயகம் குகைக்குள் மூன்று நாள் மறைந்திருந்தது, வாசலில் சிலந்தி நூல் பின்னியது, தேடி வந்தவர்கள் அறாத நூலைப் பார்த்துத் திரும்பியது — எங்கள் பெண்களுக்குப் பால்குடியோடு வந்த கதை. அந்தக் கதையைத்தான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அழுகிறார்கள். மூன்றாவது வீட்டுத் தறிக் கொட்டிலில் நடந்ததென்று ஒருத்திக்கும் தெரியாது.

நிறுத்துகிற இடத்திலெல்லாம் எல்லோரும் ஸலவாத்துச் சொன்னார்கள். முனவ்வறாவும் சொன்னாள், பல்லு அடிபட. அடுத்த வரியில் மாமியின் நாக்குத் தவறினால் அவ்வளவுதான். அசர் தொழுகைக்குள் கதை தறியில் இருக்கிற அபூசாலியிடம் போய்ச் சேரும். எனக்குக் கோபம் ஒரு பக்கம் இருந்தது. ஆனாலும் அந்த மனிதர் பள்ளத்துக்குள் இருக்க, வந்தவர்கள் வாசலில் நிற்க, 'யா றப்பே, காணாம போயிரணும்' என்றுதான் என் வாய் முணுமுணுத்தது. ஆளைத் தெரிந்தும் அப்படித்தான் கேட்டேன். அதற்கு நான் என்ன செய்ய?

ஓதல் முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து கொப்பியைத் தொட்டு முத்தினார்கள். சரீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இத எனக்கு ஒரு கிழமைக்குத் தா முனவ்வறா. மகள் அரபு மத்ரசாவில ஓதுறாள். அவள வச்சு முழுக்க வாசிப்பிக்கணும்."

முனவ்வறா கொப்பி இருந்த பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். முழுக்க என்றால் வட்டிலப்பமும் சேர்த்து.

சித்தி லைலா பச்சைத் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டா.

"இரவல் குடுக்கிற சாமான் இல்ல இது. நீ ஒன்ட கறையானப் பாரு முதல்ல."

வெளியே வேலியோரம் எங்கள் இரண்டு பேரையும் மறித்து, கொப்பியை முனவ்வறாவின் கையில் வைத்தா.

"நான் ஒருத்தருட பேரும் சொல்லல்ல. அவளுகள் என்னத்த நினைச்சி அழுதாளுகளோ, அது அவளுகளுட பாடு. நானும் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துக்குறன்." பிறகு குரலைத் தாழ்த்தினா. "மகள், இத ஒசக்க வைக்காத. கீழ வை. ஒசக்க இரிந்தாத்தான் ஆக்கள் தேடி வருவாங்க."

வீட்டுக்குப் போகிற வழியில் நான் அவளுக்கு முன்னால் விறுவிறு என்று நடந்தேன். வாசல் படலையடியில் அவள் கேட்டாள்: "கோபமா மதினி?"

"செருப்ப எங்க விட்ட? போய்த் தேடு" என்றேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. நானாகத்தான் போனேன்; அவளைத் தனியாக விட மனமில்லை. அபூசாலி தொப்பியைக் கழற்றுவதற்கு முன்னமே தொடங்கிவிட்டான்.

"பள்ளியில சரீபாட மாப்பிள்ள சொல்றாரு, நேத்து எங்கட கிதாபுதான் ஓதினதாம். பொம்புளையள் அழுதழுது வந்தாங்களாம். நமக்கு அது ஓதத் தெரியாமப் போச்சி. நீ வாசி புள்ள, நானும் கேப்பம்."

முனவ்வறாவின் கையில் சோற்றுக்கு ஊற்றுகிற ஆணச்சட்டி. அதை வைக்க இடம் தெரியாமல் நின்றாள். நான் வாங்கி வைத்தேன். என் பக்கம் பார்த்தாள். 'வேறென்னத்தையாவது வாசிச்சு விடு' என்று கண்ணைக் காட்டினேன். எது எழுதியிருக்கிறதென்று அவன் கண்டானா!

அவள் குந்தினாள். நாடா கிடந்த பக்கத்தை விரித்தாள். ராகம் இல்லை; வீட்டில் கதைக்கிற குரல்.

"இது கிதாபு இல்ல. நான் எழுதினது" என்றாள். வாசித்தாள். நல்லரெத்தினம் என்று வந்த இடத்தில் இருமவில்லை. முதுகில் கால் பட்ட வரியையும் விடவில்லை.

நான் அடுக்களை நிலையைப் பிடித்தபடி நின்றேன். எங்கள் ஊரில் வீடு சீதனமாகப் பெண்ணுக்குக் கொடுத்தது. பிரிந்து போவதென்றால் ஆம்பிளைதான் போக வேண்டும். அவனுடைய சேட்டு எங்கே தொங்குகிறது, பெட்டி எங்கே இருக்கிறது என்று என் கண் தேடியது.

அபூசாலி எழும்பினான். பெட்டிப் பக்கம் போகவில்லை. பின் வாசலால் தறிக் கொட்டிலுக்குப் போனான். தறிச் சத்தம் வரும் என்று பார்த்திருந்தோம். வரவில்லை. சோறு ஆறிப்போனது. முனவ்வறா கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, மூடவும் இல்லை, அழவும் இல்லை. அஸ்னா பசிக்கிறது என்று வந்தாள். ஒரு பிடி சோற்றைக் கொடுத்து வெளியே துரத்தினேன்.

அவன் திரும்பி வந்தபோது முழங்காலில் குழி மண் ஒட்டியிருந்தது. பாயில் குந்தினான். அவளைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அதுக்குள்ள குந்திப் பாத்தன். கால எப்பிடி நீட்டினாரு?"

"நீட்டல்ல" என்றாள் முனவ்வறா.

"மூணு நாளும்?"

"ஓம்."

அவன் முழங்கால் மண்ணைத் தட்டினான். தட்டித் தட்டி, மண் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தான்.

"என்ட தம்பியப் பத்தி இதுக்குள்ள இரிக்கா?"

"இரிக்கி. நாலு பக்கம்."

"அதையும் வாசி" என்றான்.

நான் ஆணத்தைத் திரும்ப அடுப்பில் வைத்துவிட்டு வந்து குந்தினேன். முனவ்வறா பக்கத்தைப் புரட்டினாள்.